மெய்ப்பை



முல்லைப்பாட்டில் ஒரு பாசறை வருகிறது. அங்கே காவல் நிற்கும் யவனரை நப்பூதனார் நமக்குக் காட்டுகிறார். நம் வீரன் அரையிலே கச்சையை இறுக்கிக் கட்டுகிறவன். யவனனோ உடம்போடு ஒட்டத் தைத்த சட்டைக்குள் புகுந்து நிற்கிறான். அதற்குப் புலவர் வைத்த பெயர் மெய்ப்பை. உடம்பை இட்டு வைக்கும் பை! கட்டும் உடைக்கும் புகும் உடைக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

மாத்தளையில் வாழும் எனக்கு அச்சொல் இன்னொரு படையையும் நினைவூட்டும். 1803இல் கண்டிமீது படையெடுத்த ஆங்கிலேயர் இங்கே மக்டோவல் கோட்டையைக் கட்டினார்கள். அதன் வாயில் இன்றும் நிற்கிறது, உள்ளே கல்லறைகள். அக்கோட்டையைக் காத்தவர்களில் ஆங்கிலேயரின் 19ஆம் காலாட்படைப் பிரிவினரும் இருந்தனர்.

அவர்களுடைய மெய்ப்பை கம்பளியால் ஆனது. நெய்த துணியை நீரிலிட்டு அடித்து இறுக்கிவிடுவார்கள். பிறகு வெட்டிய ஓரம் நூல் பிரியாது. மடித்துத் தைக்கவும் வேண்டியதில்லை. சிப்பாயின் சிவப்பு, நம் மஞ்சிட்டியின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் வேரிலிருந்து வந்தது. அதிகாரியின் பளிச்சென்ற சிவப்போ கொச்சினீல் என்னும் பூச்சியிலிருந்து வந்தது. சாயத்திலும் மேல் கீழ் உண்டு, பாருங்கள்! கழுத்து, கைமடிப்பு, தோள்வார் ஆகியவை மட்டும் வேறு நிறம். 19ஆம் பிரிவுக்கு அது பச்சை. 'கிறீன் ஹவார்ட்ஸ்' என்று அவர்களை அழைத்ததே அந்தப் பச்சையால்தான். மார்பில் வெள்ளீயக் கலப்பாலான தெறிகள். (பொத்தான் போர்த்துக்கேயர் தந்த சொல், தெறி நம்முடையது. நான் தெறி என்றே சொல்வேன்.) தெறி நுழையும் துளை ஒவ்வொன்றையும் சுற்றி வெள்ளை நாடா, அதிலே அந்தந்தப் பிரிவுக்கு உரிய நிறக்கோடு. கழுத்திலே, தலை குனிய விடாத விறைத்த தோற்பட்டி.

இவ்வளவும் அழகுக்காக மட்டுமல்ல. துப்பாக்கிப் புகை மண்டிய வெளியிலே தன் ஆட்கள் யாரெனத் தளபதி காணவேண்டும். ஆனால் மாத்தளைக் காட்டில் கண்டி வீரர் வரிசை கட்டி எதிரே வந்து நிற்கவில்லை. மரத்தின் மறைவில் நின்றார்கள். அங்கே சிவப்பு நிறம் எதிரிக்கே உதவியது.

கண்டிப் பிரதானிகளின் உடையையும் சொல்லவேண்டும். இடுப்பிலே பல முழத் துணியைச் சுற்றிக் கட்டி, மேலே தோள் புடைத்த கைகளையுடைய சட்டை அணிவார்கள். அந்தக் கையின் வெட்டு ஐரோப்பியரைப் பார்த்து வந்தது. கீழே கட்டியது, மேலே புகுந்தது! எசல பெரஹராவிலே நிலமேமார் நடந்து வரும்போது நீங்களும் கவனித்துப் பாருங்கள்.

கோட்டைக்குள் இருந்தவர்களைக் காய்ச்சல் வீழ்த்தியது. 1803 யூன் இறுதியில் கப்டன் மாட்ஜ் கோட்டையைக் கைவிட்டுத் திருகோணமலைக்குப் பின்வாங்கினார். நடக்க முடியாத நோயாளிகள் இங்கேயே விடப்பட்டார்கள். நான் வாசித்த நூல்களிலே அவர்களுடைய பெயர்கள் இல்லை. அவர்களது சட்டைக் கழுத்தின் நிறம் மட்டும் தெரிகிறது.