ஃபில்டர் போட்டுக் கொடுத்தது நான்தான்

ஹாம் ரேடியோ லைசென்ஸ் எடுக்கிறது எப்படின்னு முன்னாடி ஒரு எபிசோடில் பேசியிருந்தேன். அதைக் கேட்டுட்டு லைசென்ஸ் எடுத்தவங்க சிலர் இப்போ ஒரே கேள்வியை அனுப்புறாங்க. "கிளஸ்டர்ல கனெக்ட் பண்ணிட்டேன், ஸ்கிரீன் முழுக்க வரி வரியா ஓடுது, எதை எப்படி நிறுத்துறது?" இன்னைக்கு அதைத்தான் பேசப் போறேன். ஆனா வெறும் கமாண்டை மட்டும் சொல்லிட்டுப் போக எனக்கு மனசு வரலை. அந்தக் கமாண்டை ஒருத்தருக்குத் தப்பாகப் போட்டுக் கொடுத்து, அவர் வருஷக்கணக்கில் காத்திருந்த ஒன்று கண்ணிலேயே படாமல் பண்ணினவன் நான்.

முதல்ல, கிளஸ்டர்னா என்னன்னு தெரியாதவங்களுக்குச் சுருக்கமா. உலகத்தில் ஏதோ ஒரு மூலையில் ஒரு ஹாம் இன்னொரு ஸ்டேஷனைக் கேட்கிறார். அது அரிதான இடம்னா, "இந்த அலைவரிசையில் இவரைக் கேட்டேன்"னு ஒரு வரி போடுவார். அதுக்குப் பேர் ஸ்பாட். யார் கேட்டது, எத்தனை கிலோஹெர்ட்ஸ், கேட்கப்பட்டது யார், சின்னதா ஒரு குறிப்பு, யூடிசி நேரம், அவ்வளவுதான். நம்ம ஊர் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கணும். அந்த வரி ஒன்றோடொன்று இணைந்த நோடுகள் வழியா சில நொடியில் உலகம் பூரா போயிடும். 1980-களில் அமெரிக்காவில் டிக் நியூவெல் எழுதின பாக்கெட் கிளஸ்டர் மென்பொருளில் தொடங்கின பழக்கம் இது. அப்போ வரிகள் ரேடியோ வழியாவே போச்சு. இப்போ டெல்நெட். இன்றைக்கு நிறைய நோடுகளில் ஓடுவது இங்கிலாந்துக்காரர் டர்க் கூப்மன் பெர்ல் மொழியில் எழுதின டிஎக்ஸ் ஸ்பைடர். நான் சொல்லப்போற கமாண்டெல்லாம் அதுக்கானது. வேற மென்பொருள் ஓடுற நோடுன்னா எழுத்து மாறும், அங்கே ஹெல்ப்னு அடிச்சுப் பாருங்க.

கனெக்ட் ஆனதும் உங்க கால்சைன் கேட்கும். கொடுத்ததும் ஓட ஆரம்பிக்கும். அறிவிப்புகள், வானிலை, சூரியக் கதிர்வீச்சு எண்கள், நடுவில் ஸ்பாட். முதல் ரெண்டும் வேண்டாம்னா 'அன்செட்/அனவுன்ஸ்', 'அன்செட்/டபிள்யூஎக்ஸ்' அடிச்சா போதும். சூரிய எண்களை விட்டு வைங்க, பின்னாடி உதவும். மனுஷர் இல்லாமல் மெஷினே மோர்ஸைக் கேட்டுப் போடுற ஸ்கிம்மர் ஸ்பாட்டுகள் வந்து குவியுதுன்னா 'அன்செட்/ஸ்கிம்மர்'. இதெல்லாம் குழாயை மூடுற வேலை. சிக்கல் வர்றது அடுத்ததில்.

பாஸ்டனில் ஒருத்தருக்குக் கரீபியன் தீவு ஒன்று பிரமாதமா கேட்குதுன்னு வர்ற ஸ்பாட்டால் சென்னையில் மொட்டைமாடிக் கம்பியைக் கட்டி வெச்சிருக்கிற எனக்கு என்ன பிரயோஜனம்? எனக்குத் தேவை, என் பக்கத்தில் இருக்கிறவங்க காதில் எது விழுதுங்கிறது. அவங்களுக்குக் கேட்டா எனக்கும் கேட்க வாய்ப்பு இருக்கு. அதுக்குத்தான் ஜோன். சிக்யூ கணக்குப்படி உலகம் 40 ஜோன். நாம 22. இலங்கை, மாலத்தீவு, நேபாளம், வங்கதேசம், லட்சத்தீவு எல்லாம் அதே 22. அந்தமான் மட்டும் 26, தாய்லாந்து மியான்மரோடு. இது தெரியாமல் அந்தமானை 22-ல் தேடுறவங்க நிறைய.

இப்போ கதைக்கு வர்றேன்.

பெரம்பூரில் ஒரு சார் இருக்கார். பேர் வேண்டாம். ரயில்வேயில் தந்தி அடிச்சு ரிட்டயர் ஆனவர், எழுபதைத் தாண்டிட்டார். நான் மோர்ஸ் கத்துக்கிட்டதே அவர்கிட்டதான். புள்ளி, கோடுன்னு எண்ண விடவே மாட்டார். "எண்ணாதே தம்பி, பாட்டு மாதிரி கேளு"ம்பார். டிஎக்ஸ்சிசி பட்டியலில் மொத்தம் 340 நாடுகளும் தீவுகளும். அதில் அவருக்குப் பாக்கி விரல் விட்டு எண்ணுற அளவுதான். அதில் ஒன்று பூவே தீவு. பேர்தான் பூவே. தெற்கு அட்லாண்டிக்கில் ஆள் இல்லாத, பெரும்பகுதி பனிப்பாறை மூடின நார்வேயின் தீவு. 2018-ல் ஒரு பெரிய குழு 3ஒய்0இசட் என்ற கால்சைனோடு கிளம்பிப் போய், தீவைக் கண்ணால் பார்க்கிற தூரம் வரைக்கும் போய், மோசமான வானிலையும் கப்பல் இன்ஜின் கோளாறும் சேர்ந்து இறங்க முடியாமலே திரும்பிடுச்சு. அந்த மாசம் முழுக்க சார் யார்கிட்டேயும் சரியாப் பேசலை. அடுத்து 2023-ல் 3ஒய்0ஜே குழு போகுதுன்னு தெரிஞ்சதும் டைரியில் அந்தப் பக்கத்தைத் தனியா மடிச்சு வெச்சுட்டார்.

முன்னெல்லாம் டயலை உருட்டிக்கிட்டே ராத்திரி பூரா உட்கார்ந்திருப்பார். முதுகுவலி வந்த பிறகு அது முடியலை. கம்ப்யூட்டரில் கிளஸ்டரைத் திறந்து வெச்சுட்டு, வேண்டியது வந்தா மட்டும் ரேடியோ முன்னாடி உட்காருவார். அதிலேயும் வரி ஓடுற வேகத்துக்கு அவர் கண்ணு ஓடலை. அந்தப் பொங்கல் லீவில் போயிருந்தப்போ என்கிட்டே சொன்னார். "தம்பி, நமக்குக் கேட்கிறது மட்டும் வர்ற மாதிரி பண்ணிக் குடேன்."

ரெண்டு நிமிஷ வேலை சார்னு சொல்லி அடிச்சேன். 'அக்செப்ட்/ஸ்பாட்ஸ் கால்_ஜோன் 22'. நோடும் ஃபில்டர் போட்டாச்சுன்னு பதில் சொல்லிச்சு. ஓட்டம் நின்னு, அப்புறம் நிதானமா ஒரு வரி, பத்து நிமிஷம் கழிச்சு ஒரு வரி. "அப்பாடா, இப்போ படிக்க முடியுது"ன்னார். காபி குடிச்சுட்டுக் கிளம்பிட்டேன்.

தப்பு எங்கேன்னு உங்கள்ல சிலருக்கு இப்பவே தெரிஞ்சிருக்கும். 'பை_ஜோன்' என்றால் கேட்டவர், அதாவது ஸ்பாட் போட்டவர், இருக்கிற ஜோன். 'கால்_ஜோன்' என்றால் கேட்கப்பட்டவர் இருக்கிற ஜோன். நான் நினைச்சது, "நம்ம பக்கத்து ஆட்கள் காதில் விழுந்ததை மட்டும் காட்டு". நான் எழுதினது, "நம்ம பக்கத்து ஆட்களைப் பற்றிய ஸ்பாட்டை மட்டும் காட்டு". அன்னையிலிருந்து சாருக்கு வந்ததெல்லாம் இந்தியா, இலங்கை, மாலத்தீவு ஸ்டேஷன்களை யாரோ கேட்ட தகவல். பூவே இருக்கிறது ஜோன் 38.

அது கூடப் பரவாயில்லை. அதைவிடப் பெரிய தப்பு அந்த 'அக்செப்ட்'. ஸ்பைடரில் ஒரே ஒரு அக்செப்ட் வரி மட்டும் போட்டீங்கன்னா, அதில் பொருந்தாத எல்லாமே வெளியே போயிடும். 'ரிஜெக்ட்' மட்டும் போட்டா, அதில் பொருந்தாத எல்லாமே உள்ளே வரும். அக்செப்ட்ங்கிற வார்த்தை நல்லதா, பெருந்தன்மையா இருக்கு பாருங்க, அதில்தான் ஏமாந்தேன். எதையோ சேர்க்கிறோம்னு நினைச்சு அடிச்சேன். உலகத்தையே வெளியே தள்ளிட்டேன்.

ஸ்கிரீன் சுத்தமா காலியா இருந்திருந்தா அவருக்கே சந்தேகம் வந்திருக்கும். ஆனா ஒன்று ரெண்டு வரி வந்துகிட்டே இருந்துச்சு. மாலத்தீவுக்கு டூரிஸ்ட்டா போற ஹாம்கள் எப்பவும் உண்டு, அது வரும். நம்ம ஊர் ஆட்கள் வருவாங்க. கிளஸ்டர் நல்லாத்தான் ஓடுது, உலகம்தான் அமைதியா இருக்குன்னு தோணும்.

பிப்ரவரியில் ஆபீஸில் ரிலீஸ் நேரம். நான் ரேடியோவைத் தொடவே இல்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம்தான் வீட்டில் கிளஸ்டரைத் திறந்தேன். 3ஒய்0ஜே, 3ஒய்0ஜேன்னு ஓடுது. குழு மூட்டை கட்டப் போகுதுன்னும் செய்தி. உடனே சாருக்கு போன் போட்டேன்.

"சார், பூவே கிடைச்சுதா?"

"எங்கப்பா. இந்தத் தடவையும் அவங்க இறங்கவே இல்லையே. ஒரு ஸ்பாட்கூட வரலை. 2018 மாதிரிதான் ஆயிருக்கும், பாவம்."

எனக்குத் தொண்டை அடைச்சுப் போச்சு. அவங்க இறங்கி ஒரு வாரம் ஆகுது சார்னு சொல்ல வாய் வரலை. அலையில் படகை நேரா கரை சேர்க்க முடியாமல், நினைச்ச சாமான்களில் பெரும்பகுதியைக் கப்பலிலேயே விட்டுட்டு, சின்ன முகாம் போட்டு அவங்க ஒலிபரப்பிக்கிட்டு இருந்தாங்க. இவர் அவங்களுக்காகப் பரிதாபப்பட்டுக்கிட்டு இருந்திருக்கார்.

பைக்கை எடுத்துக்கிட்டு ஓடினேன். போனதும் சார் இன்னொன்றும் சொன்னார். நடுவில் ரெண்டு தடவை கம்ப்யூட்டரை அணைச்சுப் போட்டாராம். மருமகன் வந்து லாகிங் மென்பொருளையே புதுசா இறக்கிக் கொடுத்தாராம். எதுவும் மாறலை. மாறாது. இதை எல்லாரும் ஞாபகம் வெச்சுக்கணும். ஃபில்டர் உங்க கம்ப்யூட்டரில் இல்லை. அந்த நோடில், உங்க கால்சைனின் பேரில் உட்கார்ந்திருக்கு. நீங்க டிஸ்கனெக்ட் பண்ணாலும், லேப்டாப்பை மாத்தினாலும், அடுத்த தடவை அதே கால்சைனில் உள்ளே போனா அது தயாரா காத்துக்கிட்டிருக்கும். நீங்களா அழிக்கிற வரைக்கும்.

'ஷோ/ஃபில்டர்' அடிச்சேன். நான் அடிச்ச வரி அப்படியே வந்து நின்னுச்சு. சார் கண்ணாடியை ஏத்திவிட்டுப் படிச்சார். ஒன்றும் சொல்லலை. 'கிளியர்/ஸ்பாட்ஸ் ஆல்' அடிச்சதும் மடை திறந்த மாதிரி ஓட ஆரம்பிச்சுது. நாலாவது வரியோ அஞ்சாவது வரியோ, பூவே.

அன்னைக்கு ராத்திரி மோர்ஸில் அவங்களைக் கேட்டோம். எனக்கு வெறும் இரைச்சல். சார் ஹெட்போனை ஒரு காதில் அழுத்திக்கிட்டு, "இருக்கான்... இருக்கான்"ன்னார். மேலே சில கிலோஹெர்ட்ஸ் தள்ளி ஐரோப்பா மொத்தமும் கூப்பிட்டுக்கிட்டு இருக்கு, ஜப்பான் கூப்பிட்டுக்கிட்டு இருக்கு. நடுவில் இவர் 100 வாட், ஒரு ஒயர். மூணு மணி நேரத்துக்கு மேல கூப்பிட்டார். முதுகு தாங்காமல் எழுந்து நின்னுக்கிட்டே கீயை அடிச்சார். அப்புறம் சிக்னல் மெல்ல அமுங்கிப் போச்சு. கிடைக்கலை. ஒரு வாரம் முன்னாடி தெரிஞ்சிருந்தா ஏழு ராத்திரி கிடைச்சிருக்கும். ஏழு ராத்திரியில் கிடைச்சிருக்குமான்னு யாராலும் சொல்ல முடியாதுதான். அந்த யோசனை எனக்கு ஆறுதலா இல்லை.

மன்னிப்புக் கேட்டேன். "விடு தம்பி. காதால கேட்டாச்சுல்ல"ன்னார். கொஞ்ச நேரம் கழிச்சு, "என்ன அடிச்சேன்னு எனக்கும் சொல்லியிருக்கலாம்" என்றார். அது மட்டும்தான் அவர் சொன்ன குறை.

சரி, நான் என்ன அடிச்சிருக்கணும்? 'ரிஜெக்ட்/ஸ்பாட்ஸ் ஆன் ஹெச்எஃப் அண்ட் நாட் பை_ஜோன் 17,20,21,22,26,28'. ஹெச்எஃப்பில் வர்ற ஸ்பாட்டை, இந்த ஜோன்களில் இருக்கிறவங்க போடலைன்னா தள்ளிடு. 22 மட்டும் வெச்சா பத்தாது, நம்ம பக்கம் ஸ்பாட் போடுற ஆட்கள் குறைவு. 21 வளைகுடாவும் பாகிஸ்தானும், 28 மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா, 17 மத்திய ஆசியா, 20 துருக்கி, கிரீஸ் பக்கம். இவங்களுக்குக் கேட்கிறது நமக்கும் ஓரளவு கேட்கும். பை_ஜோன், கால்_ஜோன், நடுவில் அடிக்கோடு, இடைவெளி கிடையாது.

ஆனா பூவே மாதிரி ஒன்றுன்னா யார் கேட்டாலும் எனக்குத் தெரியணுமே? அதுக்கு வரிசை எண். 'அக்செப்ட்/ஸ்பாட்ஸ் 1 கால் 3ஒய்' என்று ஒன்றாம் எண்ணிலும், மேலே சொன்ன ரிஜெக்டை, ஸ்பாட்ஸுக்குப் பக்கத்தில் 2 சேர்த்து, இரண்டாம் எண்ணிலும் போடணும். எண் வரிசையில் பார்த்துக்கிட்டே வரும், முதல்ல எதில் பொருந்துதோ அதுதான் தீர்ப்பு. ரெண்டையும் ஒரே எண்ணில் போட்டுடாதீங்க. ஒரே எண்ணுக்குள்ளே ரிஜெக்டைத்தான் முதல்ல பார்க்கும், உங்க பூவே அங்கேயே அடிபட்டுடும்.

போட்டதும் சோதிக்கிறதுக்கு ஒரு வழி இருக்கு. 'ஷோ/டிஎக்ஸ்' என்பது நோடு வெச்சிருக்கிற கடைசி ஸ்பாட்டுகளை உங்க ஃபில்டரைக் கண்டுக்காமல் காட்டும். 'ஷோ/மைடிஎக்ஸ்' உங்க ஃபில்டர் வழியா காட்டும். ரெண்டையும் அடுத்தடுத்து அடிச்சு, எது காணாமல் போயிருக்குன்னு பாருங்க. நான் அன்னைக்கு இதைப் பண்ணியிருந்தா பத்து வினாடியில் தெரிஞ்சிருக்கும்.

இப்போ சார் வீட்டுக்குப் போனா கீபோர்டை நான் தொடுறதில்லை. நான் சொல்லச் சொல்ல அவரே ஒரு விரலால் அடிக்கிறார், தந்தி ஆபீஸ் ஞாபகத்தில் ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே. டைரியில் பூவே பக்கம் இன்னும் மடிச்சேதான் இருக்கு. அதுக்கு எதிர்ப்பக்கத்தில் மேலே 'ஷோ/ஃபில்டர்'னு எழுதி ரெண்டு கோடு போட்டிருக்கார். தினம் ராத்திரி ரேடியோவை ஆன் பண்றதுக்கு முன்னாடி அதை அடிச்சுப் படிச்சுட்டுத்தான் உட்காருறார்.

உங்க நோடில் என்ன வரி உட்கார்ந்திருக்குன்னு பார்த்துட்டு எழுதுங்க. அடுத்த எபிசோடில் ஸ்கிம்மரைப் பற்றிப் பேசலாம். 73.