கறுத்த மதிலும் பச்சைத் தண்ணீரும்

பயண உரை என்றதும் மலையையோ கடலையோ எதிர்பார்த்திருப்பீர்கள். இன்றைக்கு நாம் போகப்போவது சென்னையின் பாடி மேம்பாலத்தில் தொடங்கி, சி.டி.எச். ரோடு வழியே கொரட்டூர், அம்பத்தூர், திருமுல்லைவாயில், ஆவடி. அங்கிருந்து தெற்கே திரும்பிப் பூந்தமல்லி. லாரியும் ஷேர் ஆட்டோவும் புழுதியும் மண்டிய பாதைதான். பார்க்கப்போவது பாசியையும் பூஞ்சையையும். எந்த உயிரும் தங்காது என்று நாம் முடிவு கட்டிவிட்ட இடங்களில் குடியிருக்கிற ரகங்களை.

எல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளின் அமில நீரில், ஐம்பது டிகிரி சூட்டில், சயனிடியம் என்றொரு பாசி வாழ்கிறது. செர்னோபிலில் வெடித்த அணு உலையின் சுவர்களில் கறுப்புப் பூஞ்சை படர்ந்தது. அண்டார்டிகாவில் பாறைக்கு வெளியே குளிர் தாங்காமல் கல்லுக்குள்ளேயே குடித்தனம் நடத்துகிற பாசிகள் உண்டு. அவற்றைப் பார்க்க விமானம் ஏற வேண்டும். அம்பத்தூருக்கு மாநகரப் பேருந்து போதும் என்பது என் கட்சி.

பாடியைத் தாண்டி வடக்கே ஒதுங்கினால் கொரட்டூர் ஏரி. அம்பத்தூர் ஏரியின் உபரிநீர் இங்கே வரும். இது நிரம்பினால் மாதவரம் ரெட்டேரிக்குப் போகும். பழைய ஏரிச் சங்கிலி. அந்த வழியில் மழைநீரோடு கழிவுநீரும் வரத் தொடங்கி, விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. கரையில் நின்று ஓரத்துத் தண்ணீரைப் பாருங்கள். கரும்பச்சை. சாக்கடை கலந்த நீரில் ஆக்சிஜன் குறைந்து மீன் செத்து மிதக்கும்போதும் யூக்ளினா என்ற நுண்பாசிக்குக் கொண்டாட்டம்தான். வெயில் இருந்தால் இலையைப் போலத் தன் உணவைத் தானே தயாரித்துக்கொள்ளும். வெயில் இல்லையா, கரைந்து கிடக்கும் கழிவை உறிஞ்சிக்கொள்ளும்.

1969ல் பால்மர் என்ற அமெரிக்க ஆய்வாளர், கழிவைத் தாங்கும் பாசிகளில் 20 பேரினங்களைப் பொறுக்கி மதிப்பெண் போட்டார். முதலிடம் யூக்ளினாவுக்கு, அடுத்தது ஆசிலடோரியாவுக்கு. ஏரித் தண்ணீரை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கும் நம் ஊர் தாவரவியல் மாணவர்களும் அந்தப் பட்டியலை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். கூட்டுத்தொகை இருபதைத் தொட்டால் கழிவு மிகுதி என்று பொருள். மதிப்பெண் ஏற ஏற ஏரி தோற்கிற பரீட்சை இது. ஆகவே தண்ணீர் பச்சைப் பசேலென்று இருக்கிறதே என்று யாராவது மகிழ்ந்தால் அவர்களைக் கொஞ்சம் நிதானிக்கச் சொல்லுங்கள்.

அடுத்து அம்பத்தூர் தொழிற்பேட்டை. 1960களில் அரசு தொடங்கியது. சந்துக்குச் சந்து லேத் பட்டறை, சி.என்.சி. மிஷின். இரும்பைக் கடையும்போது சூடு தணிய ஊற்றுகிறார்களே, பால் மாதிரி வெள்ளையாக, அதன் பெயர் கூலண்ட். எண்ணெயைத் தண்ணீரில் கலக்கியது. காரத்தன்மை உள்ளது, கிருமி வளராமல் இருக்க மருந்தும் போட்டிருப்பார்கள். இருந்தும் ஞாயிறு விடுமுறை முடிந்து திங்கட்கிழமை காலை ஷட்டரைத் தூக்கினால் சில பட்டறைகளில் அழுகிய முட்டை நாற்றம் மூக்கைத் துளைக்கும். மிஷின் நின்றதும் கூலண்டுக்குள் காற்றோட்டம் நின்றுபோகிறது. ஆக்சிஜன் தேவைப்படாத பாக்டீரியா பெருகி, கந்தகத்தை வாயுவாக்கி விடுகிறது. நாற்றம் பாக்டீரியாவின் வேலை. பூஞ்சையின் வேலை வேறு: பியூசேரியம் போன்றவை தொட்டியின் மூலையிலும் குழாய்க்குள்ளும் வழவழப்பான திரையாகப் படிந்து வடிகட்டியை அடைக்கும். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தை மட்டும் கொட்டினால், போட்டியாளர் ஒழிந்த மகிழ்ச்சியில் பூஞ்சை இன்னும் கொழுக்கும். தொட்டியை முழுக்கக் காலி செய்து சுரண்டிக் கழுவுவதுதான் வழி. உற்பத்தி நிற்குமே என்று அதைத் தள்ளிப்போடாத பட்டறை எது?

இன்னொரு குடி ஜெனரேட்டருக்குள். டீசல் தொட்டியின் அடியில் காற்றின் ஈரம் நீராகத் தேங்கும். அந்த நீரும் டீசலும் சந்திக்கிற கோட்டில் அமோர்போதீகா ரெசினே என்ற பூஞ்சை வாழ்கிறது. தண்ணீர் கீழே, சாப்பாடு மேலே. ‘மண்ணெண்ணெய்ப் பூஞ்சை’ என்றே அதற்கு ஒரு செல்லப் பெயர் உண்டு. ஜெட் விமானங்களின் எரிபொருள் தொட்டிகளை அரித்துப் பேர் வாங்கியது. மின்வெட்டுக் காலத்தில் தினமும் ஓடிய ஜெனரேட்டர்கள் இப்போது மாதக்கணக்கில் சும்மா நிற்கின்றன. தேங்கிய டீசலில்தான் அந்தப் பூஞ்சைக்கு வாழ்வு.

வாருங்கள், வெளியே வந்து மூச்சு விடுவோம். அம்பத்தூரைச் சுற்றி ஏரிகளும் மழைநீர்க் குட்டைகளும் கோடையில் வற்றி வெடிக்கும். 2019ல் பெரிய ஏரிகளான புழலும் செம்பரம்பாக்கமுமே வறண்டு கிடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. வற்றிய சேற்றில் என்ன இருக்கும்? இந்தக் கேள்விக்கு விடை தேடியவர் சென்னைக்காரர் எம்.ஓ.பி. அய்யங்கார். இந்தியப் பாசியியலின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். தென்னிந்தியாவின் குட்டைகளில் வால்வாக்ஸ் போன்ற பாசிகளைத் தேடித் திரிந்தவர். 1932ல் அவர் உலகுக்கு அறிமுகப்படுத்திய பாசிக்குப் பிரிட்சியெல்லா என்று பெயர், எஃப்.இ. பிரிட்ச் என்ற ஆங்கிலேய அறிஞரைச் சிறப்பித்து வைத்தது. காய்ந்துவரும் குட்டையின் ஈரச் சேற்றில் வளரும். மண்ணுக்குள் கிழங்கு மாதிரி உருண்ட செல்கூட்டம், வேர் போன்ற இழை, மேலே நிமிர்ந்த கிளை. பாசி என்றால் தண்ணீரில் மிதப்பது என்று நினைத்திருந்தவர்கள், தாவரம் நிலத்துக்கு ஏறிய கதைக்கு ஒரு சாட்சி கிடைத்ததாக மகிழ்ந்தார்கள். மேல்பகுதி கருகினாலும் மண்ணுக்குள் இருக்கும் தடித்த செல்கள் அடுத்த மழைக்குக் காத்திருக்கும்.

திருமுல்லைவாயில். சுந்தரர் பாடிய மாசிலாமணீசுவரர் கோயில். வெள்ளெருக்குத் தூண்களைப் பார்க்கத்தான் பலரும் வருவார்கள். நீங்கள் இம்முறை மதிலைப் பாருங்கள். மழைநீர் வழிந்த தடமெல்லாம் கறுப்பு. அழுக்கு, புகை என்று நினைப்போம். பழைய மதில்களில் இப்படி வழியும் கறுப்பில் பெரும்பகுதி உயிருள்ளது: சைட்டோனீமா, கிளியோகாப்சா முதலிய நீலப்பசும்பாசிகள். பாக்டீரியா கணக்கில்தான் இவற்றைச் சேர்க்க வேண்டும் என்பார்கள் இன்றைய விஞ்ஞானிகள். நமக்குப் பள்ளிக்கூடத்தில் பாசி என்றே பழக்கம், அப்படியே வைத்துக்கொள்வோம். சித்திரை வெயிலில் கை வைக்க முடியாத கல். மாதக்கணக்கில் சொட்டு நீர் கிடையாது. இந்த நிலையில் அவை தம் உறையில் சைட்டோனெமின் என்ற நிறமியைச் சேர்த்துப் புற ஊதாக் கதிரைத் தடுக்கின்றன. நாம் பார்க்கிற கறுப்பு அந்தக் குடையின் நிறம். காய்ந்தால் மூச்சை நிறுத்திவிடும். நனைந்தால் உறை உப்பி, சற்று நேரத்தில் மறுபடி வேலையைத் தொடங்கும். இந்த வகைப் பாசிகளையெல்லாம் தொகுத்து 1959ல் பெரிய நூல் எழுதிய டி.வி. தேசிகாச்சாரி, அய்யங்காரின் மாணவர். கறுப்பைப் போக்குகிறேன் என்று ஒரு காலத்தில் தமிழகக் கோயில்களில் மணலைப் பீய்ச்சியடித்தார்கள். கறுப்பும் போனது, கல்வெட்டு எழுத்தும் தேய்ந்தது. பாசியே பரவாயில்லை என்று தோன்றியிருக்க வேண்டும். அந்த முறைக்குத் தடை வந்தது.

ஆவடியில் அதிகம் நிற்க வேண்டாம். டாங்கி செய்யும் ஊர், ராணுவ உடை தைக்கும் ஊர். ராணுவத் துணி என்றதும் ஒரு பூஞ்சை நினைவுக்கு வருகிறது. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளில் சிப்பாய்களின் கூடாரத் துணியை மக்க வைத்த பூஞ்சை டிரைகோடெர்மா ரீசி. துணியைக் கரைக்கும் அதன் நொதியைப் பிடித்து, இன்று ஜீன்ஸ் துணியை மென்மையாக்கப் பயன்படுத்துகிறார்கள். நொதி தரும் பூஞ்சை இன்னொன்றும் உண்டு. நகராட்சி, மாநகராட்சி உரக்கிடங்குகளில் குப்பைக் குவியலைக் கிளறும்போது ஆவி பறக்கிறதே, அந்தச் சூட்டில் தெர்மோமைசிஸ் பூஞ்சை வளரும். அறுபது டிகிரியை ஒட்டி அதன் எல்லை. அதன் கொழுப்புக் கரைக்கும் நொதி 1988 முதல் சலவைத் தூளில் சேர்கிறது.

தெற்கே பூந்தமல்லி. வைணவப் பெரியவர் திருக்கச்சி நம்பியின் ஊர். அங்கிருந்து பெங்களூரு நெடுஞ்சாலை நேராக ராணிப்பேட்டைப் பக்கம் போகிறது. அங்கே கடற்பாசியிலிருந்து ஆல்ஜினேட் எடுக்கும் ஆலையொன்றின் அமிலக் கழிவைச் சமாளிக்க, சென்னை விவேகானந்தா கல்லூரியின் வி. சிவசுப்பிரமணியன் குழு நுண்பாசிகளை இறக்கியது. காஸ்டிக் சோடா கொட்டி அமிலத்தை முறிப்பதும் அதனால் சேரும் சகதியை எங்கே போடுவது என்று திண்டாடுவதும் குறைந்தன. பாசி கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும்போது தண்ணீரின் அமிலம் தானே இறங்குகிறது.

புறப்பட நினைப்பவர்களுக்கு: ஐப்பசி, கார்த்திகை நல்ல மாதங்கள். நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கொரட்டூர்த் தண்ணீரில் கை வைக்க வேண்டாம். கோயில் மதிலைச் சுரண்ட வேண்டாம். பாசியைச் சோதித்துப் பார்க்க உங்கள் வீட்டு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரே போதும். கறுத்த இடத்தில் ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றி, கால் மணி நேரம் கழித்து லென்ஸைப் பிடியுங்கள்.