வெண்கல மிளகாயும் நம் சொற்களும்



சிங்கப்பூர் தேசிய அரும்பொருளகத்தின் வளாகத்தில் ஆளுயரத்தை மிஞ்சிய செந்நிற மிளகாய் ஒன்று நிற்கிறது. வெண்கலத்தில் வார்க்கப்பட்ட அந்தப் படைப்பின் ஆண்டு 2006, பெயர் ‘பெடாஸ்-பெடாஸ்’. படைத்தவர் குமாரி நாகப்பன். 1953இல் கிள்ளானில் பிறந்து, சிங்கப்பூரில் வாழ்பவர். காப்பாரில் அமர்ந்து அவரைப் பற்றிப் பேசுவது நமக்கு அடுத்த ஊர்க்காரரைப் பற்றிப் பேசுவதே ஆகும்.

இதனைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் நம் இடர். ‘மிளகாய்ச் சிலை’ என்றால் வகுப்பறை சிரிக்கும். சிலை என்றவுடன் நம் மனத்தில் தெய்வமோ தலைவரோ எழுகின்றனர். அச்சொல்லுக்குக் கல் என்ற பொருளும் உண்டு; உலோகத்திற்கு அது முழுமையாகப் பொருந்துவதில்லை. கோயில் வெண்கலத்தைத் திருமேனி என்கிறோம். அது வழிபாட்டுச் சொல். எஞ்சுவது சிற்பம். அதனையும் மாமல்லபுரத்தோடும் தஞ்சையோடும் நிறுத்திவிட்டோம். சோழர் காலத்து மெழுகு வார்ப்பைப் போற்றும் பாடம் நம்மிடம் உண்டு. நம் காலத்து வார்ப்பின் முன் மாணவர் ஒருவர் நின்றால், ‘அழகாக உள்ளது’ என்பதற்கு மேல் எழுதச் சொல் தந்தோமா?

மிளகாயே ஒரு சொற்பாடம். அமெரிக்கக் கண்டத்துச் செடி அது. போர்த்துகீசியர் வழியே கீழை நாடுகளுக்கு வந்தது. நம் முன்னோர் தயங்கவில்லை. தாம் அறிந்த மிளகோடு காயைச் சேர்த்தார்கள். புதியதற்குப் பெயர் கிடைத்தது. (மிளகுக்கே ‘கறி’ என்ற பழம்பெயர் இருந்ததைச் சங்க இலக்கியம் பயில்வோர் அறிவர்.) குமாரி நாகப்பனோ மலாய்ச் சொல்லைத் தேர்ந்தார். பெடாஸ் என்றால் காரம். அது இரட்டித்து நிற்பது நம் அடுக்குத்தொடரை நினைவூட்டுகிறது. தமிழ்ப்பெயர் சூட்டவில்லையே என்று குறைகூற நமக்கு மனமில்லை. நம் அடுப்படியிலும் அந்தச் சொல் புழங்குகிறதே.

2007இல் சாங்கி விமான நிலையத்தின் மூன்றாம் முனையத்திற்கு அவர் ‘சாகா’ என்னும் படைப்பைச் செய்தார். அது ஒரு பெரும் விதை. நாட்டின் சாலையோரங்களில் பிள்ளைகள் பொறுக்கும் அதே செம்மணிதான். தமிழில் மஞ்சாடி அல்லது ஆனைக்குன்றிமணி என்பர். இரண்டு குன்றிமணி எடை ஒரு மஞ்சாடி என்று பொற்கொல்லர் பொன் நிறுத்த கணக்கு அது. தட்டின் ஓரத்தில் கிடந்த எடைக்கல், இங்கே மனிதரைச் சிறிதாக்கும் அளவுக்கு வளர்ந்துள்ளது. சிற்பத்தில் அளவு என்பது வெறும் பெருக்கல் அன்று. விரலிடுக்கில் இருந்தபோது நாம் காணாத வளைவையும் திரட்சியையும், ஒளி வழுக்கும் மேற்பரப்பையும் சுற்றி நடந்து காணச் செய்வது அது.

வளைவு, திரட்சி, வழுக்கல், விளிம்பு, நிழல் எனச் சொற்கள் நம்மிடம் உள்ளன. அவை பயிற்சிக்குத்தான் வரவில்லை. ஆதலால் இவ்வுரையை இத்துடன் நிறுத்தி, ஒரு சிறு வேலையைத் தருகிறோம். முன்வரிசை மேசையில் ஒரு கிண்ணம் மஞ்சாடி விதைகள் உள்ளன. ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். ‘அழகு’ என்ற சொல் இல்லாமல் அதைப் பற்றிப் பத்து வரிகள் எழுதுங்கள். ஆசிரியர்களும்தான்.