சுழல்விளக்கும் வழியுரிமையும்

விரைந்தோடும் ஊர்தியின் முகட்டில் மின்னிச் சுழலும் விளக்கை நீங்கள் கண்டிருப்பீர்கள். நிலையாக எரியும் விளக்கைக் காட்டிலும் விட்டுவிட்டு ஒளிரும் விளக்கு கடைக்கண்ணிலும் எளிதிற் படும். ஆதலின், 'உயிர்காக்கச் செல்கிறோம், வழி விடுங்கள்' என்று அறிவிக்க அஃது ஏற்றதாயிற்று.

நம் நாட்டில் இவ்விளக்குகளைப் பற்றிக் கூறுவது, 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளுள் 108-ஆவது விதி. ஆம்புலன்ஸை அழைக்கும் எண்ணும் 108 என அமைந்தது தற்செயலே!

உயர்பதவியினர் ஊர்திகளிலும் சிவப்பு விளக்கு வைக்க அவ்விதி முன்னர் இடந்தந்தது. அவர் ஊர்தியில் இல்லாத வேளையில் விளக்கைக் கறுப்பு உறையால் மூடவேண்டும் என்றும் பணித்தது. மூடியவர் எத்துணைப் பேரோ! எச்சரிக்கைக்குரிய விளக்கு பெருமைக்குரிய அணியாயிற்று. எங்கும் சிவப்பொளி மின்னினால், மெய்யான அவசரம் எதுவென்று சாலையிற் செல்வோர் எங்ஙனம் அறிவர்?

அரசியலமைப்பின்படி உயர்பதவி வகிப்போர்க்கு மட்டுமே சிவப்பு விளக்கு என 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. 2017 மே 1 முதல் அவ்வுரிமையும் நீங்கிற்று. குடியரசுத் தலைவருக்கும் பிரதமருக்கும்கூட விலக்கில்லை. தீயணைப்பு, சட்டம் ஒழுங்கு, வெள்ளம், நிலநடுக்கம் முதலிய பணிகளில் ஈடுபடும் ஊர்திகளுக்குச் சிவப்பு, நீலம், வெள்ளை ஆகிய பன்னிற விளக்கு உண்டு.

ஆம்புலன்ஸோ தீயணைப்பு வண்டியோ பின்னால் வரக்கண்டால், ஊர்தியைச் சாலையோரமாக ஒதுக்கி வழிவிடல் வேண்டும். வழிவிடாதார்க்கு, 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி, ஆறு திங்கள் வரை சிறையோ, 10,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.