முட்டையின் தலையெழுத்து

அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளை மாடியிலிருந்து முட்டையைப் போடச் சொல்லிப் பாடம் நடத்துகிறார்கள். கருங்கல்லில் விழுந்தது சிதறுகிறது. வைக்கோற்போரில் விழுந்தது பிழைக்கிறது. இது அதனதன் தலையெழுத்து என்று சொல்லலாமா? முட்டைக்கு ஜாதகம் கணித்தவர் யாருமில்லையே!

5 மீட்டர் உயரமானால் இரண்டும் சுமார் 1 வினாடியில், ஒரே வேகத்தில்தான் வந்து சேருகின்றன. வைக்கோல் அரை மீட்டர் அமுங்கிக் கொடுத்தால், முட்டை தாங்கவேண்டியது தன் எடையைப்போல் சுமார் 10 பங்குதான். கல்லோ அமுங்குவதேயில்லை, ஆகவே அங்கு அது பல நூறு பங்காகிவிடுகிறது.

1997-ல் அந்நாட்டார் செவ்வாய்க் கிரகத்தில் இறக்கிய யந்திரமும் காற்றுப் பைகளுக்குள் இருந்தபடியால்தான் பந்துபோல் குதித்துக் குதித்துத் தப்பியது. மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து பிழைத்தவனை "ஆயுசு கெட்டி" என்கிறோமே, அவன் தலைக்கவசத்தின் உள்மெத்தை எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று நம்மில் யாராவது தொட்டுப் பார்த்தோமா?