வாப்பாவின் காரும் நாங்கள் மூவரும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)





சங்கச் செயலாளர் எங்களை அழைத்தபோது, "வேறு ஒன்றும் வேண்டாம், அந்தக் கார்க் கதையைச் சொல்லுங்கள்" என்றார். நாங்கள் மூன்று சகோதரிகள். ஒருவர் விஞ்ஞான ஆசிரியை, ஒருவர் வங்கியில் வேலை, இளையவர் வீட்டில் தையல். மூவரும் இந்தப் பாடசாலையில்தான் படித்தோம். மூவருக்கும் சேர்த்து ஒரு பேச்சு என்பதால் "நாங்கள்" என்றே சொல்லிக்கொண்டு போகிறோம்.

எங்களோடு படித்தவர்களுக்கு அந்தக் காரை நினைவிருக்கும். பச்சை உடம்பு, வெள்ளைக் கூரை, தீப்பெட்டி அளவு. வாப்பா மலைநாட்டில் ஒருவரிடம் வாங்கி வந்த பழைய மினி கூப்பர். காலையில் எங்கள் மூவரையும் பின் ஆசனத்தில் அடைத்துக்கொண்டு வந்து, பாடசாலை வாசலில் இறக்கிவிடுவார். அதன் சத்தம் சந்தி திரும்பும் முன்பே கேட்கும்.

அது சிறிய கார் என்றாலும் சாதாரணக் கார் அல்ல. 1959இல் அலெக் இஸிகோனிஸ் என்பவர் மினியை வடிவமைத்தபோது, எஞ்சினைக் குறுக்கே வைத்து, கியர் பெட்டியை அதன் அடியிலேயே பொருத்தினார். அதனால் 10 அடி நீளக் காரில் நான்கு பேர் இருக்க இடம் கிடைத்தது. பந்தயக் கார்கள் கட்டிய ஜோன் கூப்பர் அதற்கு இரட்டைக் காபுரேட்டரும் முன் சில்லுகளுக்கு டிஸ்க் பிரேக்கும் போட்டு, 1961இல் மினி கூப்பர் ஆக்கினார். 1964, 1965, 1967ஆம் ஆண்டுகளில் மொன்டே கார்லோ ரலியை வென்றது இந்த இனம்தான். ஆனால் அதற்கும் முன்பே, 1962இல், மினி கூப்பருக்கு முதல் பெரிய ரலி வெற்றியை வாங்கிக் கொடுத்தவர்கள் இரண்டு பெண்கள். நெதர்லாந்தின் டியூலிப் ரலியில் பற் மொஸ் ஓட்டினார், ஆன் விஸ்டம் வழி சொன்னார். இதை வாப்பா எங்களிடம் ஒருபோதும் சொன்னதில்லை. அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம்.

இந்தக் காருக்கு ஒரு குறை உண்டு. எஞ்சின் குறுக்கே இருப்பதால் டிஸ்ட்ரிபியூட்டர் முன் கிரில்லுக்கு நேர் பின்னால் வருகிறது. மழைத் தண்ணீர் அதில் தெறித்தால் கார் நின்றுவிடும். நம் மார்கழி மழையில் வாப்பா எத்தனையோ தரம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, பழைய துணியால் அதைத் துடைத்துக்கொண்டு நிற்பார்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. முந்தின இரவு மழை. காலையில் வாப்பா மீன் வாங்கப் புறப்பட்டார். கார் ஸ்டார்ட் ஆகவில்லை. "நடந்தே போயிட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கு மேல் நாங்கள் சொல்லத் தேவையில்லை. இலங்கையிலேயே கூடுதலான உயிர்களை இழந்தது நமது அம்பாறை மாவட்டம். இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் யாரையாவது இழக்காதவர்கள் குறைவு.

கடல் எங்கள் வளவுக்குள்ளும் வந்தது. காரின் ஸ்டியரிங் அளவுக்குத் தண்ணீர் நின்றது. பிறகு அந்தக் கார் கொட்டிலைத் திறப்பாரில்லை. "அது அண்டைக்கு ஸ்டார்ட் ஆகியிருந்தா" என்று உம்மா சொல்லத் தொடங்குவார், முடிக்கமாட்டார். திறப்பு மட்டும் அலுமாரியில் இருந்தது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் பழைய கார்களுக்கு ஒரு விலை வந்தது. கொழும்பிலிருந்து ஒருவர் தேடி வந்து கேட்டார். நல்ல விலை. உம்மா எங்களைப் பார்த்து, "வித்துப் போடுங்க, இல்லாட்டி அத ஓடப் பண்ணுங்க. இனி இப்படிக் கிடக்கப்படாது" என்றார். நாங்கள் இரண்டாவதைத் தெரிந்தோம்.

கொட்டிலைத் திறந்தபோது தைரியம் பாதி போய்விட்டது. மினியில் துரு முதலில் பிடிக்கும் இடங்கள் கதவுக்குக் கீழுள்ள பெட்டிச் சட்டம், தரைத் தகடு, பின்பக்க சப்ஃபிரேம், பூட்டுக்குள் இருக்கும் பற்றரித் தட்டு. எங்கள் காரில் இவை எல்லாமே விரலால் குத்தினால் உதிர்ந்தன. பெட்டிச் சட்டத்தை வெட்டியபோது உள்ளேயிருந்து கடல் மணல் கொட்டியது. ஒரு சிரட்டை அளவு. உம்மா அதை வாங்கிக்கொண்டு போய், பேசாமல் தென்னையடியில் போட்டார்.

அதே சட்டத்தில் எப்போதோ ஒரு கராஜில் துருவின் மேலேயே பட்டி அப்பிப் பெயின்ட் அடித்திருந்ததும் தெரிந்தது. பெயின்ட்டுக்குள் துரு தூங்காது என்பது நாங்கள் படித்த முதல் பாடம். பழுதான தகட்டை நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டி எடுக்க வேண்டும். வெல்டிங்குக்கு ஊரில் ஒரு மேசன் காக்காவின் மகன் வளவுக்கே வந்தார். வெட்டுவதும் தேய்ப்பதும் எங்கள் வேலை. "பொம்புளப் புள்ளைகளுக்கு இது என்ன வேல" என்று வேலிக்கு மேலால் கேட்டவர்கள், பிறகு தேநீர் கொண்டுவந்து தந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

எட்டாம் ஒன்பதாம் வகுப்பில் மூன்று சோதனைக் குழாயில் மூன்று ஆணி போட்டோமே, நினைவிருக்கிறதா? உப்புத் தண்ணீர் ஆணிதான் முதலில் துருவேறியது. உப்பு மின்னைக் கடத்துவதால் துருவை விரைவுபடுத்துகிறது. அதே பாடத்தைத் திருப்பிப் போட்டோம். வாளித் தண்ணீரில் சலவைச் சோடா கரைத்து, துருப்பிடித்த துண்டை பற்றரி சார்ஜரின் மறை முனையிலும், வேண்டாத இரும்புத் துண்டு ஒன்றை நேர் முனையிலும் கட்டினோம். மறுநாள் துரு கறுப்புச் சேறாக உரிந்து வந்தது. யாராவது செய்தால் வெளியில், காற்றோட்டத்தில், நெருப்பில்லாமல் செய்யுங்கள். ஹைட்ரஜன் வாயு வரும். ஸ்டெயின்லஸ் ஸ்டீலை நேர் முனையில் கட்டவே வேண்டாம், நச்சு உண்டாகும்.

எஞ்சின் இறுகிப்போயிருந்தது. பிளக் ஓட்டைகளால் எண்ணெய் ஊற்றி வாரக்கணக்கில் காத்திருந்தோம். அசையவில்லை. கடைசியில் முழுதும் கழற்றி, சிலிண்டர்களைக் கடைந்து, பெரிய பிஸ்டன் போட வேண்டி வந்தது. மினிக்கு உதிரிப்பாகங்கள் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். லண்டனில் இருக்கும் எங்கள் வகுப்புத் தோழி பெருநாளுக்கு வரும்போது சொக்லட்டுக்குப் பதிலாக பிரேக் சிலிண்டர்களைக் கொண்டுவந்தார். அவரும் இங்கே இருக்கிறார். சுங்கத்தில் என்ன சொன்னார் என்று அவரிடமே கேளுங்கள்.

தவறுகளும் செய்தோம். எஞ்சின் எரியும் ஒழுங்கு 1, 3, 4, 2. நாங்கள் பிளக் வயர்களை 1, 2, 3, 4 என்று கொழுவிவிட்டுச் சாவியைத் திருப்பினோம். காபுரேட்டரால் வெடித்த சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கோழிகள் மதில் தாண்டின. ஒழுங்கை மாற்றியதும் இரண்டாம் தரத்தில் பிடித்தது. அந்தச் சத்தம் கேட்டு உம்மா குசினிக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. நாங்களும் உடனே போகவில்லை.

மினுக்கும் வேலைக்கு ஒரு மாதம் எடுத்தது. கடற்கரைப் பக்கத்தில் கார் வைத்திருக்கும் உங்களுக்காக அதில் படித்ததைச் சொல்கிறோம். கிணற்றுத் தண்ணீர் உவர் என்றால் அதால் கழுவ வேண்டாம். மழைத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ எடுங்கள். மேற்கூரையைவிட அடிப்பக்கத்தையே அதிகம் கழுவுங்கள். கதவுகளின் கீழ் விளிம்பிலுள்ள சிறு துவாரங்களை ஈர்க்கால் குத்தி அடைப்பெடுங்கள். இல்லாவிட்டால் தண்ணீர் உள்ளே தங்கும். மூடிய சட்டங்களுக்குள் மெழுகு கலந்த எண்ணெய் தெளியுங்கள். வெயிலில் பொலிஷ் போட வேண்டாம். துடைப்பதற்கு நன்றாகத் தோய்ந்த பழைய மருதமுனைச் சாரத்தைவிட நல்ல துணியை நாங்கள் காணவில்லை. ஆசன உறைகளும் மருதமுனைக் கைத்தறிதான், இளையவர் தைத்தது.

மூன்று வருடத்தில் வேலை முடிந்தது. கடைசியாக டிஸ்ட்ரிபியூட்டர். இங்கிலாந்தில் மழைக்காக அதன் மேல் இறப்பர் கையுறை மாட்டுவார்கள், விரல்களின் ஊடாக வயர்கள் வரும். இதை உம்மாவிடம் சொன்னோம். "ஒரு கையுறைதானா வேணும்?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு, பாத்திரம் கழுவ வாங்கி வைத்திருந்த புதிய கையுறையை எடுத்துத் தந்தார்.

அன்று காரில் ஏறி முன் ஆசனத்தில் இருந்தார். எங்கே போவது என்று கேட்டோம். கடற்கரை என்று சொல்வாரோ என்று பயந்தோம். "அவர் உங்கள எறக்கி விடுற எடத்துக்குப் போங்க" என்றார். இந்த வாசலுக்குத்தான் வந்தோம். விடுமுறை நாள், வாசல் பூட்டியிருந்தது. காவலாளி வந்து யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டார். "புள்ளைகள எறக்கி விட வந்த" என்றார் உம்மா.

அந்தக் கார் ஸ்டார்ட் ஆகியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது இறைவனுக்குத்தான் தெரியும். உம்மா இப்போது அந்த வசனத்தைத் தொடங்குவதில்லை.

தங்கச்சிமாருக்கு ஒரு சொல். 1888இல் பேர்தா பென்ஸ் உலகின் முதல் நீண்ட கார்ப் பயணத்தில், அடைத்துக்கொண்ட எரிபொருள் குழாயைத் தன் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். கருவி இல்லை என்று நிற்கவில்லை. 2013 முதல் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு இருக்கிறது. அதில் படிக்கும் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் எங்கள் வளவுக்கு வரலாம். அடுத்த வேலையாக காபுரேட்டர்கள் இரண்டையும் சமப்படுத்த வேண்டியிருக்கிறது. கை அழுக்காகும், மற்றபடி பயமில்லை.

கார் வெளியே மாமரத்தடியில் நிற்கிறது. உம்மா இங்கே முன்வரிசையில் இருக்கிறார். பார்க்க விரும்புகிறவர்கள் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வாருங்கள். கதவை மட்டும் மெதுவாகச் சாத்துங்கள்.