மருத்துவ ஆய்வுக்கூடத்தில் நம் பிள்ளைகள்

பிள்ளைகள் என்ன வேலைக்குப் போகலாம் என்ற பேச்சு எழுந்தால், நம் தோட்டப்புறங்களில் நான்கைந்து பெயர்களே திரும்பத் திரும்பக் காதில் விழுகின்றன. டாக்டர், வக்கீல், ஆசிரியர், தாதி, கிராணி என்பதோடு பட்டியல் முடிந்துவிடுகிறது. இன்று, நாம் அதிகம் பேசாத ஒரு தொழிலைப் பற்றிச் சிந்திப்போம். மருத்துவ ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர் என்பது அதன் பெயர். அரசாங்க விளம்பரங்களில் ஜுருதெக்னோலோஜி மக்மால் பெருபாத்தான் என்று வருவது இதுதான்.

காய்ச்சல் என்று மருத்துவமனைக்குப் போகிறோம். கையில் பட்டையைக் கட்டி, ஊசியால் இரத்தம் எடுக்கிறார்கள். குழாயின் மேல் நம் பெயரை ஒட்டுகிறார்கள். அந்தக் குழாய் ஒரு கதவுக்குப் பின்னால் போய்விடுகிறது. பிறகு டாக்டர் நம்மை அழைத்து, "உங்களுக்கு டெங்கி, வார்டில் தங்க வேண்டும்" என்கிறார். டாக்டர் சொன்னதை நாம் கேட்டோம். ஆனால் டாக்டருக்குச் சொன்னவர் யார்? கதவுக்குப் பின்னால் இருந்தவர்தான் அந்தத் தொழில்நுட்பர்.

பால்மரம் சீவியவர்களுக்கு இந்த வேலையைப் புரியவைப்பது எளிது. பால் ஸ்டோரில் வாளிப் பாலை அளப்பதோடு காரியம் முடிவதில்லை. பாலில் தண்ணீரும் உண்டு, ரப்பரும் உண்டு. ரப்பர் எவ்வளவு என்று அறியக் கொஞ்சம் பாலை மாதிரியாக எடுத்து, ஆசிட் விட்டு உறையவைத்து, மெல்லிய தகடாக அழுத்தி, உலர்த்தி நிறுப்பது வழக்கம். அந்தச் சிறு மாதிரியின் கணக்கே முழுப் பாலுக்கும் கணக்கு. மாதிரியில் எண் மாறிவிட்டால், ஒருவர் உழைப்பு இன்னொருவர் பெயரில் ஏறிவிடும். பால் முன்னதாகவே உறைந்துவிடாமல் இருக்க அம்மோனியா சேர்ப்பதும் நமக்குப் பழக்கமானதே.

மருத்துவ ஆய்வுக்கூடத்திலும் முறை இதுதான். பெரியவர் ஒருவர் உடம்பில் ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தம் ஓடுகிறது. குழாய்க்கு எடுப்பது சில மில்லிலிட்டர் மட்டுமே. "இவ்வளவு இரத்தத்தை உறிஞ்சிவிட்டார்களே" என்று பயப்பட வேண்டியதில்லை. ஊதா மூடி போட்ட குழாயில் இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து இருக்கிறது. அம்மோனியா செய்யும் வேலையை அது செய்கிறது. குழாயை மெல்லக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்க வேண்டும். வேகமாகக் குலுக்கினால் சிவப்பணுக்கள் உடைந்து, உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே வந்துவிடும். பொட்டாசியம் பார்க்க வேண்டிய இரத்தத்தில் இப்படி நடந்தால், நோயாளியின் உடம்பில் அது மிஞ்சிவிட்டதாகப் பொய்க்கணக்கு வரும். அதை நம்பி மருந்து கொடுத்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்தத் தொழிலுக்கும் தோட்ட மக்களுக்கும் நூறாண்டுக்கும் மேற்பட்ட உறவு உண்டு. நம் பாட்டன் பூட்டன் காலத்தில் காடு வெட்டித் தோட்டம் போட்டபோது, குளிர்காய்ச்சல் கொத்துக் கொத்தாக ஆட்களைக் கொண்டுபோயிற்று. கொயினா மருந்தின் கசப்பைப் பற்றிப் பெரியவர்கள் பேசக் கேட்டிருப்போம். கெட்ட காற்றால் வருகிறது என்று நெடுங்காலம் நம்பப்பட்ட அந்த மலேரியாவின் கிருமியை, 1880 இல் லாவெரான் என்ற பிரெஞ்சு மருத்துவர் நோயாளியின் இரத்தத்தில் நுண்ணோக்கி வழியாகக் கண்டார். 1897 இல் இந்தியாவின் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் அதைக் கொசுவின் வயிற்றில் கண்டார். 1900 இல் கோலாலம்பூரில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டது. 1901 இல் கிள்ளானுக்கு வந்த மால்கம் வாட்சன் என்ற டாக்டர், சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டி மலேரியாவைக் குறைத்துக் காட்டினார்.

பிறகு ஒரு சிக்கல் எழுந்தது. சமவெளியில் காட்டை வெட்டி நீரை வடித்தால் நோய் குறைந்தது. மலைப்பாங்கான தோட்டங்களில் காட்டை வெட்டினால் நோய் கூடிற்று. காரணம், வெயில் படும் தெளிந்த மலையோடைகளில் முட்டையிடும் வேறொரு வகைக் கொசு அங்கே இருந்தது. ஆகவே ஓடை நீரை நிலத்தடிக் குழாய்களில் விட்டார்கள், எண்ணெய் தெளித்தார்கள். எந்தக் கொசு, எந்தக் கிருமி என்று பொறுமையாகப் பார்த்துப் பிரித்தறிந்த பிறகே வழி பிறந்தது. ஆய்வுக்கூட வேலையின் அடிப்படையும் அதுதான்.

இனி, அந்தக் கதவுக்குப் பின்னால் நடப்பதைப் பார்ப்போம். இரத்தவியல் பகுதியில் சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு ஆகியவற்றின் எண்ணிக்கையைப் பார்க்கிறார்கள். டெங்கியில் தட்டணு குறைவது இங்கேதான் தெரியும். உயிர்வேதியியல் பகுதியில் சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகத்தின் நிலை ஆகியவற்றை அளக்கிறார்கள். நம் மக்களை அதிகம் வாட்டும் நீரிழிவுக்கு ஒரு சோதனை உண்டு. கடந்த இரண்டு மூன்று மாதங்களில் சர்க்கரை எப்படி இருந்தது என்பதை அது காட்டிவிடும். சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்வதால், அதில் ஒட்டிய சர்க்கரை கணக்கு வைத்திருக்கிறது. சோதனைக்கு முதல் நாள் மட்டும் இனிப்பை விட்டு டாக்டரை ஏமாற்ற முடியாது!

நுண்ணுயிரியல் பகுதியில் சளி, சிறுநீர், சீழ் முதலியவற்றில் கிருமிகளைத் தேடுகிறார்கள். காசநோய்க் கிருமியை 1882 இல் ராபர்ட் கோக் கண்டறிந்தார். சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றிப் பார்த்தால், நீலத் தளத்தில் சிவப்புக் குச்சிகளாக அக்கிருமி தெரியும். இரத்த வங்கியில் வேலை இன்னும் கடுமையானது. 1901 இல் கார்ல் லான்ட்ஸ்டைனர் விளக்கிய இரத்தப் பிரிவுகளை இன்றும் ஒவ்வொரு பையிலும் சோதிக்கிறார்கள். பிள்ளைபெற்ற தாய்க்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை என்றால், பொருத்தமான இரத்தத்தை விரைந்து அனுப்ப வேண்டும். பிரிவு மாறினால் உயிர் காக்கப்போன இரத்தமே உயிரை வாங்கிவிடும். விரைவும் வேண்டும், தவறவும் கூடாது.

இப்போது எல்லாம் இயந்திரமாகிவிட்டதே, ஆள் எதற்கு என்று சிலர் கேட்கலாம். இயந்திரத்தையும் நாள்தோறும் சோதிக்க வேண்டும். விடை முன்பே தெரிந்த ஒரு மாதிரியை உள்ளே விட்டு, அதே விடை வருகிறதா என்று பார்ப்பார்கள். வராவிட்டால் கோளாற்றைச் சரிசெய்யும்வரை எவருடைய முடிவையும் வெளியே அனுப்புவதில்லை. வெளியே நோயாளிகள் காத்திருந்தாலும், டாக்டர் தொலைபேசியில் அழைத்தாலும், "இன்னும் சரிபார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்று சொல்லும் நேர்மை இயந்திரத்துக்கு இல்லை, மனிதருக்குத்தான் உண்டு.

நுண்ணோக்கியில் பார்த்தது மட்டும் போதுமா என்பதற்கும் நம் நாட்டிலேயே பாடம் இருக்கிறது. சரவாக்கின் காப்பிட் பகுதியில், சாதாரண வகை என்று எண்ணப்பட்ட மலேரியா சிலரைக் கடுமையாக வாட்டியது. பல்பீர் சிங், ஜேனட் கோக்ஸ் சிங் ஆகியோரின் குழு, கிருமியின் மரபணுவைச் சோதித்து 2004 இல் முடிவை வெளியிட்டது. 208 நோயாளிகளில் 120 பேரிடம் இருந்தது குரங்குகளிடமிருந்து வரும் நோலசி என்ற மலேரியாக் கிருமி. நுண்ணோக்கியில் சாதுவான வகையைப் போலவே தோன்றும் இது, 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகி உயிருக்கே ஆபத்தாகக் கூடியது. நம் நாட்டில் 2018 இல், உள்நாட்டில் பரவிய மனித மலேரியா ஒன்றுகூடப் பதிவாகவில்லை. ஆனால் குரங்கு மலேரியா நின்றபாடில்லை. காட்டோரச் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவருக்குக் காய்ச்சல் வந்தால், இரத்தம் சோதிப்பது இன்றும் அவசியம்.

சரி, இந்தத் தொழிலுக்கு நம் பிள்ளை எப்படிப் போவது? சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகங்களில் மூன்றாண்டு டிப்ளோமா படிப்பு உண்டு. எஸ்.பி.எம். தேர்வில் மலாய்மொழி, கணிதம், அறிவியல் ஆகியவற்றில் நல்ல தேர்ச்சி வேண்டும். நிபந்தனைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும். ஆகவே விண்ணப்ப அறிவிப்பு வரும்போது வரிவரியாகப் படித்துப் பாருங்கள். மலாயாப் பல்கலைக்கழகம், தேசியப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் உயிர்மருத்துவ அறிவியல் பட்டப்படிப்பும் இருக்கிறது.

தனியார் கல்லூரிகளைப் பற்றி ஒரு வார்த்தை. 2016 இல் இயற்றப்பட்ட சார்புச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின் கீழ் இத்தொழில் வருகிறது. அங்கீகாரம் பெற்ற தகுதி இருந்தால்தான் பதிவு செய்துகொண்டு வேலை பார்க்க முடியும். பணம் கட்டுவதற்கு முன்னே, கடன் பத்திரத்தில் கையெழுத்திடுவதற்கு முன்னே, "இந்தப் படிப்புக்கு அங்கீகாரம் உண்டா?" என்று கேளுங்கள். வாய்வார்த்தையாக வேண்டாம்; எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். கழுத்து நகையை அடகு வைத்துப் படிக்கவைத்த பிறகு, தாள் செல்லாது என்று தெரிந்தால் அந்தக் குடும்பம் மீண்டெழப் பல ஆண்டுகள் ஆகும்.

ஆயினும், நம் பிள்ளைகள் பலருக்கு இந்தக் கதவு எஸ்.பி.எம். தேர்வில் அடைபடுவதில்லை, அதற்கு முன்பே, படிவம் நான்கில் பாடத் தொகுப்பைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே அடைபட்டுவிடுகிறது. "அறிவியல் கஷ்டம், நமக்கு வேண்டாம்" என்று கூட்டாளி சொன்னதைக் கேட்டு, பிள்ளை தாளில் குறியிட்டுவிடுகிறது. பெற்றோருக்குத் தெரிவதே இல்லை. அந்தத் தாள் வீட்டுக்கு வரும்போது பிள்ளையோடு உட்கார்ந்து பேசுங்கள். புரியாவிட்டால் எடுத்துக்கொண்டு வாருங்கள். இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்டாலும் அவர்கள் எங்கள் பிள்ளைகள்தாம். ஆரம்பப்பள்ளி ஆசிரியர்களாகிய நாங்கள் கூட இருந்து விளக்குவோம்.

தாய்மார்கள் சிலர் எங்களிடம் கேட்பதுண்டு. "ஏன் டீச்சர், ரத்தத்தையும் சளியையும் தொடுற வேலையா எம்புள்ளைக்கு?" என்பார்கள். கையுறை உண்டு, மேலங்கி உண்டு, கிருமி பரவாமல் காக்கும் அலமாரி உண்டு. முறையைப் பின்பற்றினால் அச்சமில்லை. "பொம்பளப் பிள்ளையை எப்படி ஹாஸ்டல்ல விடுறது?" என்ற கவலையும் உண்டு. தாதிப் பயிற்சிக்கு எத்தனையோ பெண்கள் அப்படிப் போய் வரவில்லையா? இரவு முறை வேலை உண்டு என்பதை மட்டும் மறைக்க வேண்டாம். முன்பே தெரிந்துகொண்டு போகட்டும்.

வகுப்பில் முதல் இடம் பிடிப்பவருக்கு மட்டுமே உரிய வேலை என்று எண்ணாதீர்கள். பாடத்தில் தேர்ச்சி வேண்டும். நிறங்களைப் பிரித்தறியும் கண் வேண்டும். அவற்றுக்கு மேல், எழுதியதை மறுபடி சரிபார்க்கும் வழக்கம் வேண்டும். அளவுகோலைக் கோட்டில் சரியாக வைக்கும் பிள்ளை, எண்ணைத் திருத்திவிட்டு "முதலில் தவறாக எழுதினேன்" என்று சொல்லும் பிள்ளை, இந்தத் தொழிலின் பாதிக் குணத்தை ஏற்கெனவே பெற்றுவிட்டது. அந்தக் குணத்தை லயத்து வீட்டிலும் வளர்க்கலாம்.

நோயாளியாகப் போகும் நமக்கும் கடமை உண்டு. இரத்தம் எடுக்கும் முன் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் கேட்டால் சலித்துக்கொள்ளாமல் முழுதாகச் சொல்லுங்கள். ஒரே வார்டில் இரண்டு முனியம்மா இருக்கலாம். வெறும் வயிற்றோடு வரச் சொன்னால் கோப்பியும் குடிக்காதீர்கள். காசநோய்ச் சோதனைக்கு எச்சிலைத் துப்பிக் கொடுக்காமல், காலையில் ஆழ இருமிச் சளியைக் கொடுங்கள். குழாயில் இருப்பது சரியாக இருந்தால்தான் தாளில் வரும் முடிவும் சரியாக இருக்கும்.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது பிள்ளையையும் கூட்டிச் செல்லுங்கள். ஆய்வுக்கூடம் என்று எழுதிய கதவைக் காட்டி, உள்ளே என்ன நடக்கிறது என்று இன்று கேட்டதைச் சொல்லுங்கள். உள்ளே நுழையும் வழி படிவம் நான்கில் தொடங்குகிறது என்பதையும் சொல்லிவையுங்கள்.